மாதிரிப் படம்

மார்ச் 4

அண்ணா,

நாம் பேசி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. எண்ணியது நான். நீ எண்ணியிருக்க மாட்டாய்.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. ஒரு சொல் வேண்டும். அதற்காக.

அகராதி அலுவலகத்தில் எனக்கு ‘எஸ்’ எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. நாளுக்குப் பதினைந்து அட்டை. ஜன்னலோர மேசை, கால் ஆடும் நாற்காலி, எதிரே பதிப்பாசிரியர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் படிப்பார்.

மூன்று நாளாக ஒரே அட்டையில் நிற்கிறேன். ஸ்டீரியோடைப். நான் எழுதியது இது: “ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று, ஆளைப் பார்க்காமலே மனதில் வைத்திருக்கும் எளிய உருவம்.”

கத்தரி அட்டையைத் திருப்பிப் போட்டார். “இதெல்லாம் பின்னாடி வந்தது. முதல்ல இது ஒரு பொருளோட பேரும்மா. கையில தூக்கற பொருள். அச்சாபீஸ்ல ஏதோ ஒண்ணு. அது என்னன்னு தெரியாம எழுதினா, புஸ்தகத்தைப் பாத்து புஸ்தகம் எழுதின கதைதான்.”

அப்போதுதான் உன் ஞாபகம். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே சொல்வாயே: “இன்னைக்கு பதினாறு ஸ்டீரியோ.” எட்டு வருடம் ஒரே வீட்டில் அதைக் கேட்டேன். அது என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அது என்ன? எப்படிச் செய்வீர்கள்? படிப்படியாக எழுது. வேறு எதுவும் எழுதப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம்.

தங்கை


மார்ச் 9

பண்டிதை அம்மாள் அவர்களுக்கு,

ஒரு சொல்லுக்காகவாவது அண்ணன் ஒருவன் இருப்பது தெரிந்ததே. ‘எஸ்’ எழுத்து நன்றாயிருக்கட்டும். உனக்கு ‘பி’ எழுத்தைக் கொடுத்திருந்தால் நான் இன்னும் ஒரு வருடம் தபால்காரரின் முதுகையே பார்த்திருப்பேன்.

கேட்டதைச் சொல்கிறேன்.

கம்பாசிட்டர் எழுத்தெழுத்தாகக் கோத்து ஒரு பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கித் தருவார். அந்த எழுத்துகளை வைத்தே அச்சடித்தால் பாதிக்குள் தேய்ந்துவிடும். அதனால் அவற்றின்மேல் பசையில் ஊறிய தடித்த காகிதத்தை விரித்து, உருளைக்கு அடியில் அழுத்துவோம். காகிதத்தில் பக்கம் முழுக்கக் குழியாக விழும். அதைச் சூட்டில் காயவைத்து, அரைவட்டமாக வளைத்து, வார்ப்புப் பெட்டியில் நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவோம். ஒரு நிமிடம். பெட்டியைத் திறந்தால் பக்கம் முழுவதும் ஒரே தகடு. கூரை ஓட்டைப் பெரிதாக நினைத்துக்கொள். அதுதான் ஸ்டீரியோ. தூக்கி உருளையில் மாட்டினால் அறுபதாயிரம் பிரதி ஓடும்.

ஒன்று முக்கியம். இதை உன் அட்டையில் எழுதிக்கொள். கோத்த எழுத்தில் தப்பு இருந்தால் ஊசியால் எடுத்து மாற்றலாம். வார்த்த பிறகு முடியாது. எல்லாம் ஒரே கட்டி. வேண்டாததை உளியால் செதுக்கி எடுக்கலாம். எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது.

உன் கத்தரியாருக்கு இன்னொரு செய்தியும் சொல். எங்களுடையது மாலைப் பத்திரிகை. பதினொரு மணிக்குச் செய்தி வந்தால் இரண்டு மணிக்குப் பத்திரிகைக் கட்டு வண்டியில் ஏற வேண்டும். புதுப் படத்துக்கு பிளாக், அதாவது அச்சுக்கட்டை, செய்ய நேரம் கிடையாது. அதனால் ஃபோர்மேனின் இழுப்பறையில் தயார் முகங்கள் உண்டு. டாக்டர் ஒருவர். கிணற்றில் விழுந்த பெண் ஒருத்தி. பரீட்சையில் முதலாவதாக வந்த பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல். திருடன் ஒருவன். எந்த ஊரில் திருட்டு நடந்தாலும் அவன்தான். கீழே பொடி எழுத்தில் ‘மாதிரிப் படம்’ என்று போட்டுவிடுவார்கள்.

அந்தத் திருடன் யார் தெரியுமா? உன் அண்ணன்.

சிரிக்காதே. பதினோரு வருடம் முன்பு, மூன்று நாள் காய்ச்சலில் சவரம் செய்யாமல் வேலைக்கு வந்தேன். எங்கள் ஓவியர் பார்த்தார். “அப்படியே ஜன்னல்கிட்ட உக்காருய்யா. அசையாத. முறை. இன்னும் கொஞ்சம் முறை.” இடது புருவத்தில் ஈயம் தெறித்த தழும்பையும் விடாமல் வரைந்தார். “இது இருக்கே, இதுதான்யா உன் மூஞ்சிக்கு அழகு.” கூலி ஒரு டீ. அன்றிலிருந்து ஆபீசில் என் பெயர் திருடர். “திருடர் வந்தாச்சா? அப்ப ஈயத்தை எண்ணி வைங்கப்பா” என்பார் கம்பாசிட்டர், தினமும், அலுக்காமல்.

நான் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி இனி எழுதுவதாக இல்லை. அவருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

உன் கடிதத்தைக் கத்தரியிடம் படித்துக் காட்டினேன். திருடன் வரும் இடத்தில் வெட்டச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. “அந்த எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாதுங்கறதை இன்னொரு தடவை படிம்மா” என்றார்.

சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். கிரேக்கத்தில் ஒரு சொல்: கெட்டியானது. இன்னொரு சொல்: அடித்து விழுந்த தடம். சுமார் இருநூறு வருடத்துக்கு முன்பு ஒரு பிரெஞ்சு அச்சுக்காரர் இரண்டையும் சேர்த்து உன் தகட்டுக்குப் பெயர் வைத்தார். முதல் ஐம்பது வருடம் அது தகடு மட்டும்தான். பிறகு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் எதற்கும் அந்தப் பெயர். பிறகுதான் மனிதருக்கு. யாரோ ஒரு பத்திரிகைக்காரர் கைக்கு அந்தச் சொல் கிடைத்து, அதை ஈயத்திலிருந்து கழற்றி மண்டைக்குள் மாட்டிவிட்டார்.

நீ அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என்னைச் சொன்னாயே: “படிச்ச பொண்ணுங்கன்னா இப்படித்தான்.” மேற்கோள் வாக்கியமாக அதைப் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. பொருத்தமில்லாததால் இல்லை.

இப்போது வேறு ஒன்று.

உங்கள் பத்திரிகை இங்கே மறுநாள் காலை பஸ்ஸில் வரும். இன்று முதல் பக்கத்தில் உன்னைப் பார்த்தேன். இரண்டு பத்தி அகலம். முதலில் சிரித்தேன். பஸ் நிறுத்தத்தில், தனியாக, சத்தமாக. பிறகு தலைப்பைப் படித்தேன். ஆறு வயதுப் பெண்ணைக் காணவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து யாரோ கூட்டிப்போய்விட்டார்கள்.

கீழே ‘மாதிரிப் படம்’ என்று இல்லை. நான் இரண்டு முறை தேடினேன். இல்லை.

தங்கை


மார்ச் 18

தங்கச்சி,

இதை வார்ப்பறையில், ஈயக் கொப்பரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே யாரும் வர மாட்டார்கள். சூடு.

அந்தப் படத்தை மறுநாளே இன்னும் இரண்டு பத்திரிகைகள் எடுத்துப் போட்டுவிட்டன. எங்களுக்கு எங்கிருந்தோ கிடைத்த உண்மைப் படம் என்று நினைத்திருக்கிறார்கள். அதற்கும் மறுநாள் போலீஸ் அதைப் பெரிதாக்கிச் சுவரொட்டி அடித்தது. எங்களுக்குப் போலீஸ் கொடுத்திருக்கும் என்று மற்றப் பத்திரிகைகள் நினைத்தன. போலீசுக்குள் ஒரு பிரிவு இன்னொரு பிரிவு கொடுத்ததாக நினைத்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

முதல் நாள் போலீஸ் சொன்ன அடையாளம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானே வார்த்த பக்கம். ‘ஒல்லியான ஆள்’. அவ்வளவுதான். நேற்று வந்த அடையாளம்: ஒல்லியான ஆள், சவரம் செய்யாத முகம், இடது புருவத்தில் தழும்பு. சாட்சிகள் மூன்று பேர் சொல்கிறார்களாம்.

நேற்று மதியம் டீக்கடையில் ஒருவர் பெஞ்சில் ஏறி நிற்காத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “என் கண்ணு முன்னாடிதாங்க போனான். புள்ள கையைப் புடிச்சிட்டு. புருவத்துல இப்படி ஒரு வெட்டு. அப்பவே எனக்கு மனசுல பட்டுச்சு.” நான் அவருக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை. ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்காரம்மா தன் பேத்தியை முற்றத்திலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார், நான் வரும் நேரம் பார்த்து. ஒரு வாரம் முன்பு அந்தக் குழந்தைக்குப் பட்டம் ஒட்டிக் கொடுத்தவன் நான்.

ஆபீசில் யாரும் என்னைத் திருடர் என்று கூப்பிடுவதில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

உடனே ஆசிரியரைப் பார். இழுப்பறையில் இருக்கும் பிளாக்கை எடுத்துக் காட்டு. பதினோரு வருடத்துப் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருக்குமே, அவற்றையும் எடுத்துக் காட்டு. எத்தனை திருட்டு, எத்தனை ஊர், ஒரே முகம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பிறகு போலீசுக்குப் போ. ஓவியரையும் கூட்டிக்கொண்டு போ.

எனக்கு இது மிகவும் எளிதாகத் தெரிகிறது. நீ ஏன் இன்னும் செய்யவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. நீ எழுதாமல் விட்டது ஏதோ இருக்கிறது.

எங்கள் தெருவிலும் சுவரொட்டி வந்துவிட்டது. என் ஜன்னலுக்கு எதிர்க் கம்பத்தில். வீட்டுப்பாடம் எழுத என் அறைக்கு வரும் எங்கள் தெருச் சின்னப்பெண்ணை, இப்போது ஐந்து வீடு தூரத்துக்கும் அவள் அம்மாதான் கொண்டுவந்து விடுகிறார். “கதவைத் தாழ் போட்டுக்கம்மா. காலம் கெட்டுக் கிடக்கு.” நான் சரி என்றேன். அது என் அண்ணனின் படம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

தங்கை


மார்ச் 25

தங்கச்சி,

எழுதாமல் விட்டது இதுதான்.

காகித அச்சைப் பெட்டியில் நிறுத்தும் முன், அதன் முதுகில் காலி இடங்களுக்கு நேராக அட்டைத் துண்டு ஒட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஈயத்தின் கனத்தில் அந்த இடம் உள்வாங்கித் தகட்டில் மேடாக வரும். மையைக் குடித்துக் கறுப்புத் தீற்றலாக அச்சாகும். அன்றைக்கு அவசரத்தில் படத்துக்குக் கீழே நான் முட்டுக் கொடுக்கவில்லை. தகட்டில் அந்த இடம் மேடு. ‘மாதிரிப் படம்’ என்ற வரியும் அதோடு சேர்ந்து உருக்குலைந்திருந்தது.

இயந்திரம் ஓட ஏழு நிமிடம். மறுபடி காகிதம் அழுத்திக் காயவைத்து வார்க்க நேரம் இல்லை. ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். “அந்த வரியைத் தட்டிடுய்யா. எவன் படிக்கறான் அதை?”

நான்தான் உளியை வைத்தேன். இரண்டு தட்டு. சுருள் சுருளாக வந்தது. ஊதிவிட்டேன்.

எடுக்கத்தான் முடியும் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. அதை எழுதி நாலே நாளில் இது நடந்தது.

ஆசிரியரிடம் போகாமல் இல்லை. போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். “குழந்தை போன செய்திக்கு இழுப்பறைப் படம் போட்டோம்னு வெளிய தெரிஞ்சா பத்திரிகையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். வரியைச் செதுக்கினது யாரு? நீங்க. போலீசு என்ன கேக்கும்? ஏன் செதுக்கினேன்னு கேக்கும். தன் மூஞ்சி, தன் கையாலே. யோசிச்சுப் பாருங்க. ஒரு மாசம் லீவு எடுத்துக்குங்க, தூரமா எங்கயாவது போங்க.” பிளாக் இப்போது இழுப்பறையில் இல்லை. ஓவியர் இரண்டு வருடம் முன்பு காலமாகிவிட்டார், உனக்குத் தெரியாது.

நேற்று மாலை பஸ்ஸில் ஒருவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளின் முழங்கையைத் தொட்டார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அவர்களும் இறங்கினார்கள். கறிகாய்ச் சந்தைக்குள் நுழைந்து, பின் வாசலில் வெளியே வந்து, ஒரு லாரிக்குப் பின்னால் அரைமணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயது ஆளம்மா நான்.

உன்னிடம் வருகிறேன். சனிக்கிழமை பிற்பகல் வந்து சேரும் பஸ். அதிக நாள் இருக்க மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. கம்பாசிட்டரின் வீட்டு முகவரிக்கு இதை அனுப்புகிறேன். அவர் கண்டிப்பாக உன்னிடம் சேர்ப்பார்.

நீ வருகிறாய் என்று எழுதிய கடிதம் எனக்குத் திங்கட்கிழமை கிடைத்தது. நீ வந்தது சனிக்கிழமை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு வழியில்லை.

மூன்று மணி. சின்னப்பெண் தரையில் உட்கார்ந்து பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். அந்த முகம் நின்றது. சவரம் செய்யாமல். புருவத்தில் தழும்போடு. கம்பத்தில் இருந்ததும் அதுதான், அதற்குப் பத்தடி பின்னால். ஒரே நேரத்தில் இரண்டையும் பார்த்தேன்.

என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. திறக்க இல்லை. மேல் தாழ்ப்பாளும் இருக்கிறது, அதையும் போட்டேன்.

“யாருக்கா?”

“யாரும் இல்ல. நீ எழுது.”

அவளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அது நீ என்று தெரிய எவ்வளவு நேரம் ஆனது? மூச்சு நாலு தடவை. ஆனால் அண்ணா, தெரிந்த பிறகும் நான் உடனே திறக்கவில்லை. அதை உனக்குச் சொல்லாமல் விடலாம். தெரிந்த பிறகும், இந்தக் குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு எப்படித் திறப்பது என்று யோசித்தேன். உன்னை எனக்குத் தெரியும். எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் தெரியும். அப்படியும் யோசித்தேன்.

திறந்தபோது தெரு முனையில் ஒரு சட்டை திரும்பியது. கூப்பிட்டேன். ‘அண்ணா’ என்று கத்தினால் ஜன்னல்கள் திறக்கும் என்ற பயத்தில் மெதுவாகத்தான் கூப்பிட்டேன்.

அட்டையை முடித்துவிட்டேன். கத்தரி ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன்: “தெரிந்தவர்மேலும் படியும்.” இது எதற்கு என்று கேட்டார். அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கே இருக்கிறாய்?

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சி,

நான் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் கம்பாசிட்டர். லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சவரக்கத்தியும் கொண்டுவந்திருந்தார். “யோவ், மூஞ்சியையாவது மாத்திக்கய்யா” என்றார். செய்துகொண்டேன். தழும்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

நீ தாழ் போட்ட சத்தம் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. ‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஆள் வந்து நின்றாலும் அதைத்தானே சொல்வான் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. எனக்கே கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது. நான் உள்ளே இருந்திருந்தால் நாற்காலியையும் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பேன்.

இதை எழுதுவது ஒரு லாட்ஜில். ஜன்னல் இல்லாத அறை கேட்டு வாங்கினேன்.

வேறு ஒன்று நடந்துவிட்டது. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் ஊரில், பாத்திரத்துக்கு ஈயம் பூசும் ஒருவரைக் கூட்டம் அடித்துப் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரம் அவர் அந்த வழியாகப் போயிருக்கிறார். ஈயம் பூசுகிறவருக்கு முகத்தில் தழும்பு இல்லாமல் இருக்குமா? தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லையாம். ஆறு பேரிடம் சுவரொட்டி கையில் இருந்ததாம்.

இந்தச் செய்தியை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அவனைப் பிடித்துவிட்டார்கள், இனி என்னைத் தேட மாட்டார்கள் என்று. ஒரு கணம்தான். அது வந்ததை நீ ஒருத்தி தெரிந்துகொண்டால் போதும்.

அந்த வரி இருந்திருந்தால் அவர் இன்றைக்குப் பாத்திரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டே தட்டு.

நாளைக் காலை அந்த ஊருக்குப் போகிறேன். அவரைப் பார்க்க வேண்டும். பிறகு போலீசுக்கு.

அண்ணன்


ஏப்ரல் 7

தங்கச்சி,

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே. விட்டுவிட்டார்கள். நேற்றே விட்டுவிட்டார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். வாசற்சுவரில் நான் ஒட்டியிருந்தேன். காவலாளி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இன்னொரு தடவை என்னைப் பார்ப்பதற்குள் நேராக இங்கே ஓடி வந்துவிட்டேன். சரணடையத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மை, ஓடி வந்து ஒளிந்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: “இந்தப் படத்துல இருக்கிறது நான்தான் சார். ஆனா அவன் நான் இல்ல.”

“அப்ப அவன் யாரு?”

“அவன் யாரும் இல்ல சார்.”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இழுப்பறை, பிளாக், முட்டு, உளி எல்லாம் சொன்னேன். பாதி சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை போய்விட்டது. “உன் படத்துக்குக் கீழ இருந்த வரியை நீயே வெட்டினியா?” என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் ஆமாம் என்றேன்.

சாட்சிகளை வரவழைத்தார்கள். ஆறு பேரை வரிசையாக நிறுத்தினார்கள். மூன்று சாட்சி, தனித்தனியாக. மூன்று பேரும் என் தோளைத்தான் தொட்டார்கள். தயங்கவே இல்லை. ஒருவர், “சட்டைகூட அதேதாங்க” என்றார். அது போன வாரம் வாங்கிய சட்டை. அந்த நேரத்தில், ஒருவேளை நான்தான் செய்தேனோ என்று இருந்தது. சத்தியமாக அப்படித் தோன்றியது. மூன்று இரவு உள்ளே இருந்தேன். அந்தக் குழந்தையின் கையை நான் பிடித்துக்கொண்டு போவது போல மனதில் ஓடியது. நன்றாக, தெளிவாக.

நேற்றுக் காலை தந்தி வந்தது. குழந்தை கிடைத்துவிட்டாள். தூரத்து ஊரில், அவளுடைய அத்தை வீட்டில். தாய்க்கும் தகப்பனுக்கும் சண்டை. தகப்பன்தான் கூட்டிப்போய்த் தன் அக்கா வீட்டில் விட்டிருக்கிறார். ஊரே திரண்டதும் பயந்து வாயைத் திறக்கவில்லை. அவர் ஒல்லியும் இல்லையாம். நல்ல தொந்தியாம்.

ஆக, அப்படி ஒருவன் இல்லவே இல்லை. அவனை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் மூன்று வரி வந்திருக்கிறது. படம் தவறுதலாகப் பிரசுரமானதாம். படம் போடாமல் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்து எந்தப் படம் என்று யார் தெரிந்துகொள்வார்?

இன்ஸ்பெக்டர், “சரி, போயிட்டு வாங்க” என்றார். வாசல்படி வரை வந்தேன். எதிர்ச்சுவரில் சுவரொட்டி. அதன் கீழே நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரும்பினார்.

உள்ளே வந்துவிட்டேன். “சார், இன்னைக்கு இங்கயே இருந்துக்கட்டுமா?”

“ஏன்யா, வெளிய விடுங்கன்னு அழுவறவனைத்தான் நான் பாத்திருக்கேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “கிழிக்கச் சொல்லியிருக்கோம். எத்தனை ஊர்ல ஒட்டினோம்னு எங்களுக்கே கணக்கு இல்ல. வீட்டு ஆளுங்க யாராவது இருக்காங்களா?”

தங்கை இருக்கிறாள் என்றேன்.

ஈயம் பூசுகிறவர் இருக்கும் ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு தெரு. கண் திறந்துவிட்டாராம், வாய் திறக்க முடியவில்லையாம், மனைவி கஞ்சியைக் குழாயில் கொடுக்கிறாராம். இங்கே ஒரு காவலர் சொன்னார். அவரைப் பார்க்காமல் இந்த ஊரை விட்டு நான் போக முடியாது. அந்த இரண்டு தெருவைத் தனியாக நடக்கவும் முடியாது. காவலரைக் கூட அனுப்புகிறேன் என்கிறார் இன்ஸ்பெக்டர். போலீசோடு போனால் பிடிபட்டுப் போகிறவன் மாதிரி அல்லவா இருக்கும்?

வருவாயா?

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

வருகிறேன். பதினோராம் தேதி காலை முதல் பஸ். பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வர வேண்டும் என்பதற்காக எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். வராவிட்டாலும் நான் வருவேன். உள்ளேயே இரு. இன்ஸ்பெக்டர் வாசலைக் காட்டினாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்.

நேற்று சின்னப்பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். கம்பத்தில் இருப்பது என் அண்ணன் என்று. குழந்தை கிடைத்துவிட்டாள் என்றும் சொல்லி, பத்திரிகையின் ஆறாம் பக்கத்தை மடித்துக் கையில் கொடுத்தேன். படித்தார். “அப்படியா, நல்லதாப் போச்சு” என்றார். இன்று சின்னப்பெண் வீட்டுப்பாடத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். சாயங்காலம் அவள் தெருவில் ஓடுவதைப் பார்த்தேன்.

அதனால் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நாம் நடக்கும்போது பார்ப்பார்கள். யாராவது பின்னாலேயே வருவார்கள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். உன் கையை விட்டுவிடுவேனோ என்பதுதான் என் பயம். ஒருமுறை தாழ் போட்டவள் நான்.

விடாமல் இருக்க ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். பேசிக்கொண்டே நடப்பேன். நிறுத்தாமல். சத்தமாக. எல்லா வாக்கியத்திலும் அண்ணா என்று சொல்லி. நீ பதில் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவியிடம் முதலில் நான் பேசுகிறேன். உன்னைப் பார்த்ததும் அவர் அலறலாம். அலறினால் நாம் அங்கேயே நிற்போம். ஓடக் கூடாது.

இரண்டு தெரு என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு நீளம் என்று எழுதவில்லையே.

தங்கை